இன்றைய தேதியில் நேற்றைய சங்கரா

எனக்கு மீன் சாப்பிடத் தெரியாது. வாங்க மட்டும் தெரியும். அதுவும் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்புறம், மோட்டார் அறைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் பழுப்புப் பூனைக்காக. மந்தைவெளியில் எங்கள் தெரு முனையில் தினமும் காலை ஏழரை மணிக்கு ஒரு மீன்காரப் பெண்மணி அலுமினியக் கூடையோடு வந்து உட்காருவார். என் வயதுதான் இருக்கும். "இன்னா மாமி, பூனைக்கு காரப்பொடி எடுத்து வெச்சிக்கிறேன், வந்து வாங்கிக்கினு போ" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிடுவார். காரப்பொடி என்றால் பொடிசான ஒரு மீன். முதல் மாதம் எனக்குக் கூச்சமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. என் கணவருக்குத்தான் இன்னும் பழகவில்லை. "அந்தப் பையைக் கையில வச்சுண்டு ஆத்து வாசல்ல நிக்காதே, நேரா பின்னாடி போ" என்பார்.

நான் செய்யும் வேலையைச் சொன்னால் உறவுக்காரர்கள் பாதிப் பேர் தலையாட்டுவார்கள், மீதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள். ஒரு வெப்சைட் உயிரோடு இருக்க அதற்கு எங்காவது ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை வாடகைக்கு விடும் கம்பெனிகள் எக்கச்சக்கம். இந்தத் தொழிலுக்கு ஹோஸ்டிங் என்று பெயர். ஒவ்வொரு கம்பெனியும் தன்னைப்போல் வேகம் உலகத்தில் இல்லை என்று விளம்பரம் செய்யும். எது மெய், எது வாய்ப்பந்தல் என்று சோதித்துப் பார்த்து, வெப்சைட் செய்பவர்களுக்காகத் தமிழில் எழுதி மதிப்பெண் போடுவது என் வேலை. கம்பெனிகளிடம் கமிஷன் வாங்குவதில்லை. அதனால் நாக்கைக் கட்டிப்போட வேண்டிய அவசியமும் இல்லை.

இதில் எனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறேன். ஒரே குடும்பத்தைச் சட்டி பானையோடு பத்து வீடுகளில் குடிவைத்துப் பார்ப்பது போல, ஒரே வெப்சைட்டை ஒவ்வொரு கம்பெனியிலும் இரண்டு மாதம் குடிவைப்பேன். பக்கம் திறக்க எத்தனை நொடி ஆகிறது, எத்தனை முறை படுத்துக்கொள்கிறது, உதவி கேட்டால் மனுஷன் பேசுகிறானா இயந்திரம் பேசுகிறதா என்று எல்லாவற்றையும் குறித்துவைப்பேன். முதலில் அந்தச் சோதனை வெப்சைட்டில் அர்த்தமில்லாத வரிகளைப் போட்டு நிரப்பியிருந்தேன். மாறாத பக்கத்தை யார் வேண்டுமானாலும் வேகமாகக் காட்டலாம் என்று ஒருநாள் உறைத்தது. தினமும் மாறுகிற, கையால் தட்டிப் போடுகிற, யாராவது உண்மையிலேயே படிக்கிற ஒரு பக்கம் எனக்குத் தேவைப்பட்டது.

அது காரப்பொடி வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. கூடை முன்னால் நின்ற ஒருவர் "இன்னைக்கு வஞ்சிரம் இல்லையா? தெரிஞ்சிருந்தா மாடியிலேருந்து இறங்கியிருக்கவே மாட்டேனே" என்று முனகிவிட்டுப் போனார். எனக்குப் பொறி தட்டியது.

"காலைல கரையில மீன் எடுத்ததும் என்னென்ன இருக்குன்னு எனக்கு போன்ல சொல்றியா? நான் எழுதிப் போடறேன். மாடியில இருக்கறவா பாத்துட்டு வரலாம்" என்றேன்.

"எயுதிப் போட்டா மீன் வித்துடுமா?"

"விக்குதா இல்லையான்னு பாப்போமே."

அவருக்கும் என்னைப் போலவே மூக்கை நுழைத்துப் பார்க்கிற புத்தி உண்டு. மறுநாள் காலை ஆறேகாலுக்கே நொச்சிக்குப்பத்திலிருந்து குரல் பதிவு வந்துவிட்டது. பின்னணியில் கடல் இரைச்சல், யாரோ யாரையோ திட்டும் சத்தம், நடுவில் "சங்கரா கீது, கியங்கா கீது, நெத்திலி நெறைய கீது, வஞ்சிரம் இல்ல, போட்டுக்கோ." நான் காபி குடித்துக்கொண்டே அதைத் தட்டிப் போட்டேன். சங்கரா எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. சிவப்பாக இருக்கும் என்று கணவரிடம் சொன்னேன். அவர் தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

பக்கத்தின் முகவரிக்கு க்யூஆர் கோடு ஸ்டிக்கர் ஒன்று அச்சடித்து, அவர் பணம் வாங்க வைத்திருக்கும் அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். முதல் வாரம் இரண்டு பேர் பணம் அனுப்புவதாக நினைத்துக்கொண்டு என் ஸ்டிக்கரைப் படம்பிடித்து, மீன் பட்டியலைப் பார்த்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்கள். அப்புறம் சூடுபிடித்துவிட்டது. எங்கள் கட்டடத்திலும் எதிர்க் கட்டடத்திலும் காலையில் செய்தித்தாளுக்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்குச் சோதனைக்கு நிஜமான கூட்டம் கிடைத்தது, அவருக்கு எட்டரை மணிக்குள் கூடை காலியாக ஆரம்பித்தது.

அவருடைய வாடிக்கைக்காரர்களில் முதல் மரியாதை எதிர் ஃபிளாட் அக்காவுக்குத்தான். திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்காரர் குடும்பத்துக்குத் தி.நகரில் பாத்திரக் கடை. வாரத்தில் நாலு நாள் மீன் இல்லாமல் அந்த வீட்டில் சோறு இறங்காது. "அந்த அக்கா நாலு வருசமா என்கிட்ட வாங்குது மாமி. ஒரு நாள் செவுளத் தூக்கிப் பாத்ததில்ல" என்று மீன்காரப் பெண்மணி பெருமையாகச் சொல்வார். மற்றவர்கள் எல்லோரும் குனிந்து, மீனின் செவுளைத் தூக்கி, உள்ளே சிவப்பாக இருக்கிறதா, பழுத்துப்போய்ப் பழுப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்கள். அந்த அக்கா மட்டும் "நல்லதாப் போடு" என்று பையை நீட்டிவிட்டு என்னோடு பூனை பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

இரண்டு கம்பெனிகள் மாறி, மூன்றாவது கம்பெனிக்குக் குடிபோனபோதுதான் வினை ஆரம்பித்தது. அது வெப்சைட் செய்கிற எங்கள் கூட்டத்தில் எல்லோரும் புகழ்ந்த கம்பெனி. பெயர் வேண்டாம். விரலை வைப்பதற்குள் பக்கம் திறந்தது. என் அளவுகோல்கள் எல்லாவற்றிலும் அதுதான் முதலில் வந்தது. இரண்டு மாதம் முடிகிறவரை காத்திருக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. முதல் வாரமே பத்துக்கு ஒன்பதரை போட்டு, முதலிடம் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று எழுதினேன். அப்படியே எழுதினேன், 'கண்ணை மூடிக்கொண்டு' என்று. அந்தக் கட்டுரையைத்தான் என் வாசகர்கள் அதிகம் பகிர்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரத்திலேயே ஒரு காலை மீன்காரப் பெண்மணி என்னைப் பார்த்ததும் சீறினார்.

"இன்னா மாமி, நான் ஒண்ணு சொன்னா நீ ஒண்ணு எயுதுற? நெத்திலின்னு சொன்னேன். வர்றவங்கல்லாம் வஞ்சிரம் எங்கன்றாங்க."

நான் என் போனை எடுத்துக் காட்டினேன். மேலே அன்றைய தேதி. கீழே நெத்திலி, கிழங்கா, காரப்பொடி. அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். சரியாகத்தான் இருந்தது.

"அப்ப அவங்க இன்னாத்தப் பாத்தாங்க?"

"நேத்து பாத்ததை ஞாபகம் வச்சுண்டு கேக்கறா போல" என்றேன்.

முந்தின நாள் வஞ்சிரம் இருந்தது. எனவே அது நம்பும்படியாகவும் இருந்தது. ஆனால் அடுத்த நாளும் அதே பேச்சு. அதற்கடுத்த நாளும். எனக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது. வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் பார்த்தேன், சரி. போனில் பார்த்தேன், சரி. ஒரு நாள் மத்தியானம் கணவரின் கணினியைப் பிடுங்கி அதிலும் பார்த்தேன். அதுவும் சரி. மூன்று சாட்சி போதாதா? ஜனங்களுக்குக் கவனம் போதவில்லை என்று முடிவுகட்டிவிட்டேன்.

அதற்குள் பேச்சு வேறு திசையில் போய்விட்டது எனக்குத் தெரியாது. பட்டியலில் நேற்று மத்தியானம் சங்கரா, கிழங்கா, இன்று காலையும் அதே சங்கரா, கிழங்கா, அதே வரிசை. அப்படியானால் என்ன அர்த்தம்? விற்காமல் மிஞ்சியதை ஐஸில் வைத்து இன்று புது மீன் என்று தள்ளுகிறாள். கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ இதை எழுதினார்கள். கீழே நாலு பேர் ஆமாம் போட்டார்கள். மீன் விற்கிறவரை ஆயிரம் சொல்லித் திட்டலாம், விலை அதிகம் என்று சண்டை போடலாம். பழைய மீன் என்று மட்டும் ஒரு தெருவில் பெயர் வந்துவிட்டால் அந்தத் தெருவில் கூடையை இறக்க முடியாது. அரைக் கூடை மீன் அப்படியே திரும்பிப் போக ஆரம்பித்தது.

ஒரு வியாழக்கிழமை எதிர் ஃபிளாட் அக்காவே இறங்கி வந்தார். பையைக் கொண்டுவரவில்லை. போனை மட்டும் கொண்டுவந்திருந்தார்.

"ஏம்மா, நாலு வருசமா உங்கிட்ட வாங்குதேன். ஒரு வார்த்த கேட்டிருப்பேனா? இன்னைக்கு சங்கரா, பாறைன்னு போட்டிருக்கிய. கூடையில சங்கரா மட்டும்தான் கெடக்கு. நேத்தும் இதே சங்கராதான் போட்டிருந்துச்சு. நேத்துள்ளதையா இன்னைக்குத் தாரிய?"

"அக்கா, காலைல ஆறு மணிக்கு வலையிலேருந்து எடுத்த மீனு அக்கா இது! செவுளப் பாரு, தூக்கிப் பாரு!" மீன்காரப் பெண்மணி கூடைக்குள் கையை விட்டார். அவர் மீனைத் தூக்கி நீட்டினார். அக்கா பார்க்கவில்லை.

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது.

"நீங்க தப்பாப் பாத்திருக்கேள். நான்தான் எழுதறேன். என் பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று என் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அதில் சங்கரா, காரப்பொடி என்று இருந்தது. பாறை மீன் இல்லவே இல்லை.

அக்கா என் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்ப நான் பொய் சொல்லுதேனா மாமி?" என்றார். அவர் தன் போனை நீட்டியிருந்தால் அங்கேயே விஷயம் முடிந்திருக்கும். நீட்டவில்லை. நானும் கேட்கவில்லை. மற்றவர் கையில் இருப்பதை எட்டிப் பார்ப்பதே தொழிலாக உள்ள நான், அன்று எட்டிப் பார்க்கவில்லை. அவர் படியேறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை குரல் பதிவு வரவில்லை. ஆறரை வரை பார்த்தேன், ஏழு வரை பார்த்தேன். 'இன்று பட்டியல் வரவில்லை' என்று போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்து நொச்சிக்குப்பம் லூப் ரோட்டு மீன் சந்தைக்குப் போனேன். கணவர் காபி டம்ளரோடு "எங்க கிளம்பிண்டிருக்க?" என்று கேட்டதற்கு "மீன் மார்க்கெட்டுக்கு" என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

நான் அதுவரை அந்த வேளையில் அங்கே போனதில்லை. தரையெல்லாம் ஈரம். ஒருவர் தண்ணீரை விசிறியடிக்க, அது என் புடவையில் பட்டது. பெயர் மட்டும் தெரிந்த மீன்களை எல்லாம் முழுசாக முதல் முறை பார்த்தேன். திருக்கை இவ்வளவு பெரிசா என்று நின்றுவிட்டேன். நான் வந்த காரியமே ஒரு நிமிடம் மறந்துபோனது. என் குணம் அப்படி.

அவர் ஒரு குடைக்கடியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உன் தெருவுக்கு நான் வர்ல மாமி. எனக்கு வேற தெரு இல்லியா?"

"நீ வராட்டா பட்டியலும் இல்லைன்னுதான் போட்டிருக்கேன், பாரு" என்று என் போனைக் காட்டினேன்.

"உன் போன்ல உனக்குப் புடிச்சதத்தான் காட்டும். இந்தா, என் போன்ல காட்டு."

அவர் போனை வாங்கி, அட்டையில் இருந்த ஸ்டிக்கரைப் படம்பிடித்துத் திறந்தேன். இத்தனை நாளும் அவர் அதை என் போனில்தான் பார்த்திருக்கிறார் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கம் கண்மூடித் திறப்பதற்குள் வந்தது. மேலே வெள்ளிக்கிழமை, இன்றைய தேதி. கீழே: சங்கரா, காரப்பொடி.

அவர் எழுத்துக்கூட்டினார். ஒருமுறை. இன்னொருமுறை.

"நான் இன்னிக்கு ஒண்ணுமே சொல்லலியே. இதுல இன்னா சங்கரான்னு கீது?"

நான் அவர் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். என் போனில் 'திருக்கை' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தேன். என் போனில் திருக்கை வந்தது. அவர் போனில் வரவில்லை. மறுபடி திறந்தேன், வரவில்லை. அப்புறம் சந்தேகம் தட்டி, என் போனில் உரிமையாளராக உள்ளே நுழைந்திருந்த நான், வெளியே வந்து, யாரோ ஒருத்தி மாதிரி அதே பக்கத்தைத் திறந்தேன். திருக்கை மறைந்தது. சங்கரா வந்தது.

எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. வேகமாகக் காட்டுவதற்கு அந்தக் கம்பெனி ஒரு வேலை செய்கிறது. முதலில் ஒருவர் கேட்டதும் பக்கத்தைத் தயாரித்து, அதன் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் வருகிறவர்களுக்கெல்லாம் அந்த நகலையே நீட்டுகிறது. காலையில் இறக்கிய டிகாஷனில் நாள் பூராவும் காபி கலப்பது போல. அதில் தப்பில்லை, எல்லோரும் செய்வதுதான். ஆனால் நான் பட்டியலை மாற்றியதும் பழைய நகலைத் தூக்கிப்போட வேண்டும். இவர்கள் போடவில்லை, முழுசாக ஒரு நாள் வைத்திருந்தார்கள். பகல் பதினோரு மணிக்கு யாரோ பார்த்தபோது எடுத்த நகல் மறுநாள் பதினோரு மணி வரை ஓடியது. மீன் வியாபாரமோ பத்து மணிக்கு முடிந்துவிடும். கணவரின் கணினியில் மத்தியானம் பார்த்தபோது சரியாக இருந்ததும் அதனால்தான். உரிமையாளருக்கு மட்டும் எப்போதும் புது டிகாஷன். நான் ஒருநாளும் உரிமையாளராக இல்லாமல் என் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். நான் ஊரார் முதுகுக்கெல்லாம் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தவள்.

தேதி? அது என் சொந்தக் கைங்கரியம். தினமும் தேதியைத் தட்டச் சோம்பல்பட்டு, பார்க்கிறவரின் போனே அன்றைய தேதியைப் போட்டுக்கொள்ளும்படி செய்து வைத்திருந்தேன். அதனால் நேற்றைய மீனுக்கு மேலே இன்றைய தேதி கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. கம்பெனி நகலைத்தான் வைத்தது. பொய் சொன்னது என் தேதி.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நொடியில் எனக்கு வந்தது வருத்தம் இல்லை, சந்தோஷம். இரண்டு வாரமாகக் குறுகுறுத்த முடிச்சு அவிழ்ந்த சந்தோஷம். முகத்தில் அது தெரிந்திருக்கிறது.

"இன்னா சிரிக்கிற?" என்றார் அவர். "என் பொயப்பு போச்சு. நீ சிரிச்சிக்கினு கீற."

அதற்கப்புறம்தான் எனக்கு வெட்கம் வந்தது.  மன்னிப்புக் கேட்டேன், ஏதேதோ சொன்னேன். கட்டுரையைத் திருத்துகிறேன், கம்பெனியைக் கிழிக்கிறேன், எல்லோருக்கும் தெரியும்படி எழுதுகிறேன் என்றேன். அவர் ஒரு கிழங்காவைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"கம்பூட்டர்ல நீ இன்னா வேணா எயுதிக்கோ. அது யார் படிக்கிறாங்கோ எனக்கு இன்னா தெரியும்? அந்த அக்காகிட்ட போயி உன் வாயால சொல்லு. நீதான அதப் பொய்க்காரி ஆக்கின?"

வீட்டுக்கு வந்ததும் நான் அதைச் செய்யவில்லை. எனக்குச் சுலபமானதை முதலில் செய்தேன். அந்தக் கம்பெனியின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். பத்து நிமிடத்தில் மிக மரியாதையாகப் பதில் வந்தது, படம்கூட இணைத்திருந்தார்கள்: 'எங்கள் பக்கம் எல்லாம் சரியாகத் தெரிகிறது. பார்ப்பவர்களின் போனில் கோளாறு இருக்கலாம்.' கோபத்தில் பதில் எழுதப் போனவள் பாதியில் நின்றேன். எதிர் ஃபிளாட் அக்காவிடம் நான் சொன்ன வாக்கியம்தான் அது. கிட்டத்தட்ட சொல் மாறாமல். அந்தக் கம்பெனிக்காரனைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு அன்றைக்கு இல்லை.

கட்டுரையைத் திருத்தினேன். ஒன்பதரையை எடுத்துவிட்டு, நான் எப்படிச் சோதித்தேன், எங்கே கோட்டைவிட்டேன் என்று முழுக்க எழுதினேன். பக்கம் எத்தனை நொடியில் திறக்கிறது என்று தினமும் அளந்தவள், திறந்த பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் வாடிக்கைக்காரர் இடத்தில் நின்று படிக்கவில்லை என்று எழுதினேன். சிலர் கேலி செய்தார்கள். வடபழனியில் கல்யாண மண்டபத்துக்கு வெப்சைட் செய்து கொடுத்த ஒருவர், என்னை நம்பி அங்கே குடிபோனதாகவும், மண்டபம் காலி என்று பழைய பக்கம் காட்டி ஒரு பெண் வீட்டார் வந்து சத்தம் போட்டதாகவும் எழுதியிருந்தார்.  'கண்ணை மூடிக்கொண்டு' என்று எழுதியவள் நான்தானே.

சனிக்கிழமை காலை, வேறு வழியில்லாமல், எதிர் ஃபிளாட் மணியை அடித்தேன். அக்கா கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. நான் இரண்டு போன்களோடு நின்றேன், ஒன்று என்னுடையது, ஒன்று கணவருடையது. ஒன்றில் நேற்று எழுதியது, ஒன்றில் இன்று எழுதியது. நகல், டிகாஷன், தேதி என்று எல்லாவற்றையும் சொன்னேன். 

"நீங்க பாத்தது சரி. நான்தான் தப்பு. அவ மீன்ல ஒரு குத்தமும் இல்ல" என்று முடித்தேன்.

"அந்த வியாழக்கெழமை அவ கொண்டாந்தது புது மீனா?"

"ஆமாம்."

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் எங்க மதினிகிட்டச் சொன்னேன். கீழ் வீட்ல சொன்னேன். எங்க கடையில வேல பாக்குற புள்ளைங்ககிட்டகூடச் சொன்னேனே மாமி" என்றார். "இப்ப எத்தன பேர்கிட்டப் போய்த் திருப்பிச் சொல்ல?"

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஆனாலும் அவர் வாட்ஸ்அப் குழுவில் தானே எழுதினார். தப்பு மீன்காரம்மா மேல் இல்லை, மாமியின் கம்ப்யூட்டர் மேல் என்று. எனக்கு ஒரு நாள் பூராவும் லிஃப்டில் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

நான் வேறு கம்பெனிக்குக் குடி மாறினேன். தேதியைக் கையால் தட்ட ஆரம்பித்தேன். இப்போதெல்லாம் எந்தக் கம்பெனியைச் சோதித்தாலும் காலையில் முதல் வேலையாக வாட்ச்மேனின் போனை வாங்கி, அதில் பக்கத்தைத் திறந்து, உரக்கப் படிக்கிறேன். என் கட்டுரைகளில் அதற்குத் தனி மதிப்பெண்ணும் வைத்திருக்கிறேன். வாட்ச்மேனுக்கு மீன் பெயரெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது.

மீன்காரப் பெண்மணி பத்து நாள் கழித்து வந்தார். குரல் பதிவு வரவில்லை, ஆள் மட்டும் வந்து உட்கார்ந்துவிட்டார். நான் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு ஓடினேன். "பூனை எப்டி கீது?" என்றார். காரப்பொடியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது எதிர் ஃபிளாட் அக்கா இறங்கி வந்தார். இந்த முறை பை இருந்தது.

"வந்துட்டியா? இன்னைக்கு என்ன இருக்கு?" என்றார் அக்கா. குரலில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமான அன்பு இருந்தது.

"சங்கரா கீதுக்கா. இப்பதான் எடுத்தது."

"நல்லதாப் போடு."

நான் அப்பாடா என்று நிமிர்ந்தேன். மீன்காரப் பெண்மணி நாலு மீனை எடுத்துப் பையில் போடப் போனார். அக்கா பையை நீட்டினார், நீட்டியவர் சட்டென்று குனிந்தார். அவர் வேண்டுமென்று செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. கை தானாகப் போனது. மேலே இருந்த மீனின் செவுளை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தது. விரலை எடுத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மீன்காரப் பெண்மணி நிமிரவில்லை. அக்காவைப் பார்க்கவும் இல்லை. மீதி மூன்று மீனின் செவுளையும் தானே ஒவ்வொன்றாகத் தூக்கி, என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"நீயும் பாத்துக்கோ மாமி" என்றார்.

நான் குனிந்து மூன்றையும் பார்த்தேன்.